உங்களுக்குத் தெரியுமா? 501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்!

ரீடிங் எடுக்க வருபவர் மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்து எண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் கைப்பேசியில் தொகை வந்து நிற்கும். வீட்டில் ஆளுக்கொரு குற்றவாளியைச் சொல்வோம். ஏ.சி. என்பார் ஒருவர், ஃப்ரிட்ஜ் என்பார் இன்னொருவர், எந்நேரமும் போனைச் சார்ஜில் போடும் பையன் என்பார் பாட்டி. அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது, வெயிலும் காற்றும் அதைக் குறைக்குமா என்று பல நாளாகத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்திருந்தேன். இந்த வாரம் அவை உங்களுக்கு.

✦ ஒரே ஒரு யூனிட்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 2024 ஜூலைக் கட்டணப்படி, 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. நடுவில் இருப்பது ஒரே ஒரு யூனிட். அதன் விலை 243 ரூபாய் 40 காசு.

எப்படி? முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய்தான், ஆனால் இந்தச் சலுகை 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும். கோட்டைத் தாண்டிய நிமிடமே அந்த நூறும் 4.70 ரூபாய்க்கு மாறிவிடும். அதில் 235 ரூபாய் கூடும். தாண்டிய யூனிட்டுக்கு 8.40. கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகும்.

எங்கள் வீட்டில் அம்மா, ரீடிங் எடுத்த நாளிலிருந்து 45-வது நாள் ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்ப்பார். அந்த எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் மூலையில் பேனாவால் எழுதுவார். அதுவரை ஓடிய யூனிட் 375-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த இரண்டு வாரம் அயர்ன் பாக்ஸ் அலமாரிக்குள் போய்விடும், ஹீட்டர் சுவிட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டப்படும். சின்ன வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. இன்று அந்த 243 ரூபாய் கணக்கைப் போடும்போதுதான், அம்மா யாரும் சொல்லித் தராமலே கட்டண அட்டவணையைப் புரிந்துவைத்திருந்தார் என்று தெரிகிறது.

✦ 1,130-லிருந்து 1,805

அதே 500 யூனிட்டுக்கு 2022 ஆகஸ்டில் நாம் கட்டியது 1,130 ரூபாய். 2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு ஆண்டுகள் கட்டணம் ஏறவே இல்லை. 2022 செப்டம்பரில் ஒரே எட்டில் 1,725 ஆனது. அதன்பின் ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிப் புள்ளியை ஒட்டி ஏற்றுவது என்று முறை வைத்தார்கள். 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. 2024-ன் 4.83 சதவீத உயர்வு நம் பில்லுக்கு வந்தது.

எட்டு ஆண்டுகள் ஏற்றாமல் இருந்து மொத்தமாக ஏற்றுவதைவிட, வருடாவருடம் கொஞ்சமாக ஏற்றுவது நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்கும் என்பது என் எண்ணம். இலவசம் போலத் தெரிந்த அந்த எட்டு ஆண்டுகளின் நஷ்டம் எங்கும் போய்விடவில்லை. அது மின்வாரியத்தின் கடனாகச் சேர்ந்தது. இன்று அந்தக் கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதற்கு வட்டியும் நாம் வாங்கும் யூனிட்டுக்குள்தான் இருக்கிறது.

✦ சில காசுக்காகப் போன உயிர்கள்

1970 ஜூன் 19. திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில், பம்புசெட் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகளில் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். உயர்வு யூனிட்டுக்குச் சில காசுகள்தான். 1972-ல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரச் சாலைகளை மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள். விவசாயப் பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் வந்தது 1990-ல். இன்று அப்படி 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருக்கின்றன. மின்கட்டணம் தமிழ்நாட்டில் ஏன் இவ்வளவு உணர்ச்சிகரமான விஷயம் என்று கேட்பவர்களிடம் பெருமாநல்லூர் நினைவுத்தூணைக் காட்டலாம்.

✦ ஒரு யூனிட்டில் என்ன இருக்கிறது?

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இப்படிச் சொன்னால் மனதில் நிற்காது. வேறு விதமாகப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. ஒரு யூனிட் மின்சாரத்தில் உள்ள ஆற்றல் முழுவதையும் வீணாக்காமல் பயன்படுத்தினால் ஐந்தரை டன் கல்லைத் தரையிலிருந்து அந்த உச்சிக்குத் தூக்கிவிடலாம்.

இன்னொரு கணக்கு. நல்ல உடல்வலு உள்ள ஒருவர் நாள் முழுக்க உழைத்துத் தரக்கூடிய சராசரி சக்தி 75 வாட் அளவு. எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். அதாவது, ஏற்றம் இறைத்த நம் முப்பாட்டனாரின் ஒன்றரை நாளுக்கும் மேலான உழைப்பை நாம் 4.70 ரூபாய்க்கு வாங்குகிறோம். விலை ஏறிவிட்டது என்று வருந்துவது நியாயம்தான். ஆனால் ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றும்போது இதையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

✦ கிரைண்டரைத் திட்டாதீர்கள்

கிரைண்டர் போடும் சத்தத்தைக் கேட்டதும் "கரண்டு எகிறுது" என்பவர்கள் உண்டு. 150 வாட் டேபிள்டாப் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினாலும் 0.1 யூனிட்டைத் தொடாது. மாவு முழுக்க அரைத்தும் ஒரு ரூபாய் ஆகாது. சத்தமே இல்லாத ஹீட்டர்தான் அரை மணி நேரத்தில் ஒரு முழு யூனிட்டைக் குடிக்கிறது.

இன்னொன்று செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தால் டி.வி. இருண்டுவிடும், பெட்டி தூங்காது. பத்து வாட் என்று வைத்தாலும், சுவிட்ச் போட்டபடியே கிடந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்.

✦ தலைக்கு மேல் சுற்றும் சேமிப்பு

பழைய ஃபேன் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவு. தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றினால் கிட்டத்தட்ட 100 யூனிட். 500-ஐ உரசிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

✦ 310 ரூபாய், பிறகு 38

எல்.இ.டி. பல்புகளை மத்திய அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த விலை 2014-ல் ஒன்றுக்கு 310 ரூபாய். 2016-ல் 38 ரூபாய். ஒரு பொருளைக் கோடிக்கணக்கில் வாங்கும்போது விலை என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் இது. உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் மக்களிடம் போய்ச் சேர்ந்தன.

✦ நட்சத்திரத்தின் கீழே ஒரு ஆண்டு

ஏ.சி., ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டும் அச்சாகியிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரத்தை உயர்த்துகிறார்கள். அதனால் பழைய ஐந்து நட்சத்திரம் இன்றைய அளவுகோலில் மூன்றோ நான்கோதான். தள்ளுபடியில் பழைய இருப்பை வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதோடு ஆண்டையும் படியுங்கள். ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்திவைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது லேபிள் தரும் அதே எரிசக்திச் சிக்கனப் பணியகத்தின் கணக்கு.

✦ கேஸா, இண்டக்‌ஷனா?

இந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் சமையலறையில் இல்லை, மீட்டர் பெட்டியில் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய, என் கணக்கில் சுமார் 130 யூனிட் ஆகும். அந்த 130 யூனிட் உங்களுக்கு 4.70 ரூபாய் அடுக்கில் விழுந்தால் 611 ரூபாய். 6.30 அடுக்கில் 819. 8.40 அடுக்கில் 1,092. சென்னையில் 2025 ஏப்ரலில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு.

ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்கு இண்டக்‌ஷன் லாபமாகவும் உங்களுக்கு நஷ்டமாகவும் இருக்கலாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

✦ வெயில் மலிவாகிவிட்டது. பில் ஏன் குறையவில்லை?

2010-ல் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் சராசரி 12 ரூபாய்க்கும் மேல். 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய். 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99 ரூபாய். பத்தே ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. இப்படிச் சரிந்த பொருள் வேறு எது என்று யோசித்தால் செல்போன் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது.

பிறகு ஏன் நம் பில் மட்டும் ஏறுகிறது? மூன்று காரணங்கள் எனக்குப் புரிந்தவரை.

முதலாவது, பழைய ஒப்பந்தங்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-ல் திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது அதுதான். அந்தக் காலத்துத் திட்டங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை 7.01 ரூபாய். இத்தகைய ஒப்பந்தங்கள் 25 ஆண்டுக்கானவை. சந்தையில் விலை இறங்கினாலும் கையெழுத்து போட்ட விலை இறங்காது.

இரண்டாவது, நேரம். பேனல் தருவது பகலில். நாம் கேட்பது மாலையில். வெயில் சாய்ந்து, வீடு திரும்பி, விளக்கும் டி.வி.யும் ஏ.சி.யும் ஒன்றாகப் போடும் அந்த நாலு மணி நேரத்துக்கு நிலக்கரியும் சந்தையும்தான் கை கொடுக்க வேண்டும். மின் சந்தையில் ஒரு யூனிட்டின் உச்சவரம்பே 10 ரூபாய். நெருக்கடியான மாலைகளில் விலை அங்கேயே போய் முட்டி நிற்கும்.

மூன்றாவது, நான் முன்பே சொன்ன கடனும் வட்டியும், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சம்பளச் செலவும். சூரியன் இலவசம். சூரியனை நம் வீட்டு பிளக் வரை கொண்டுவரும் கம்பி இலவசம் அல்ல.

✦ பாதி, ஆனால் பாதி இல்லை

2025 நடுவில் இந்தியாவின் மொத்த மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்றவை அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் நாட்டில் நிஜமாக உற்பத்தியாகும் யூனிட்டுகளில் சுமார் 70 சதவீதம் இன்னும் நிலக்கரியிலிருந்துதான். பேனல் இரவில் ஓய்வெடுக்கும், காற்றாலை காற்றில்லாதபோது நிற்கும். நிலக்கரி உலை இராப்பகலாக எரியும். "இத்தனை மெகாவாட் நிறுவினோம்" என்ற செய்தியைப் படிக்கும்போது, "இத்தனை யூனிட் தந்தது" என்ற வரியையும் தேடிப் படிப்பது நல்லது.

✦ அம்மியும் பறக்கும் மாதம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளில் நெருக்கிக்கொண்டு வரும்போது வேகம் கூடுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று அந்தக் கணவாய்கள் திறக்கும் பக்கமெல்லாம் இன்று காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வாசலில் இருக்கும் முப்பந்தல்தான் அவற்றில் பேர்பெற்றது.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் மின்சாரம் இரட்டிப்பாகாது; எட்டு மடங்கு வரை ஆகும். அதனால்தான் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் ஆண்டு முழுவதற்கும் சம்பாதிப்பதில் பெரும்பங்கை வைகாசி முதல் புரட்டாசிக்குள் சம்பாதித்துவிடுகின்றன.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடக்கக் காலக் காற்றாலைகள் சுற்றியபோது ஒவ்வொன்றின் திறன் 55 கிலோவாட். இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். காற்றாற்றலுக்கான தேசிய நிறுவனம் இருப்பதும் நம் பள்ளிக்கரணையில்தான்.

✦ ஓர் ஊராட்சி வாங்கிய காற்றாலை

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-ல் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. கையில் 40 லட்சம், மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றுக் கடனையும் அடைத்தது. அப்போது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேல் ஊராட்சிகள் உண்டு. ஓடந்துறையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். பக்கத்து ஊர்கள் வந்து பார்த்துச் செய்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

✦ சித்திரை வெயிலில் பேனலுக்கும் களைப்பு

வெயில் கொளுத்தினால் சூரிய மின்சாரம் கொட்டும் என்று நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு ஆகாது. அதன் திறனைக் குறிப்பது 25 டிகிரி வெப்பத்தில். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் இறங்கும். மே மாத நண்பகலில் நம் மொட்டைமாடிப் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். பத்து சதவீதத்துக்கும் மேல் அங்கேயே போய்விடும். கீழே காற்றோடும்படி உயர்த்திக் கட்டுவது இதற்காகத்தான்.

✦ ஓர் ஓலையின் நிழல்

பேனலுக்குள் இருக்கும் சில்லுகள் பூச்சரம் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. ஒன்றில் நிழல் விழுந்தால் அந்தச் சரமே தளரும். பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒரே ஓலை, காலை ஒன்பது மணிக்குச் சாய்வாக விழும் நிழலில், கூரையின் ஒரு வரிசையையே மந்தமாக்கிவிடும். காகம் எச்சமிட்டாலும் இதே கதை.

கழுவுவதில் இரண்டு கவனம். உச்சிவெயிலில் சுடும் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, விரிசல் விடலாம். உப்பான போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். விடிகாலையில், நல்ல தண்ணீரில், மென்மையான துடைப்பானால் கழுவினால் போதும்.

✦ தெற்கா, வடக்கா?

நம் ஊரில் பேனலைத் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்த்து வைப்பார்கள். ஆனால் சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அதன்பின் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி நிழலில்லா நாள் வரும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும்! ஆண்டுக் கணக்கில் தெற்கே அதிகம் என்பதால்தான் தெற்கு ஜெயிக்கிறது.

✦ கூரை முழுக்கப் பேனல், வீடு முழுக்க இருட்டு

எங்கள் தெருவில் ஒருவர் பேனல் போட்ட அடுத்த மாதமே மின்தடை வந்தது. பட்டப்பகல், நல்ல வெயில். அவர் வீட்டில் ஃபேன் நின்றுவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்துப் போனார். போட்டுக்கொடுத்தவர் அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த பேனல்கள், கம்பியில் மின்சாரம் போனதும் தாமாக நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. அப்படி நிற்காவிட்டால் நம் கூரை மின்சாரம் கம்பி வழியே வெளியே போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேனை அது அடித்துவிடும். வீடு இருட்டாவது ஒரு மனிதரின் உயிருக்காக. மின்தடையிலும் வெளிச்சம் வேண்டும் என்றால் பேட்டரியுடன் கூடிய அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும், விலை கூடும்.

✦ யாருக்கு லாபம்?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும்.

இரண்டு மாதத்தில் 700 யூனிட் ஓட்டும் வீட்டின் பில் 3,825 ரூபாய். இரண்டு கிலோவாட் பேனல் அந்த இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் தரும். மீதி 220 யூனிட்டுக்கு 329 ரூபாய். பேனல் கழிப்பது 8, 9 ரூபாய் விலையுள்ள உச்சி அடுக்கு யூனிட்டுகளை முதலில் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். இந்தக் குடும்பம் தயங்காமல் போடலாம். இதற்கு மேல் ஏதாவது கட்டணம் உண்டா என்று பிரிவு அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

200 யூனிட் ஓட்டும் வீட்டின் பில் 235 ரூபாய். அந்த வீட்டுக்குப் பேனல் விற்க வருபவரை ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

என்னை உறுத்துவது மூன்றாவது வீடு. வாடகைக் குடித்தனம். கூரை அவர்களுடையது அல்ல. பல இடங்களில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. 100 இலவச யூனிட்கூட அவர்கள் கைக்கு வராது. கூரை உள்ளவருக்கு 78,000 வரை மானியம், கூரை இல்லாதவருக்கு எதுவும் இல்லை என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பேனல் வைத்து, பங்கு வாங்கியவர்களின் பில்லில் யூனிட்டைக் கழித்துத் தரும் முறை வாடகைக் குடித்தனக்காரர்களுக்கும் வர வேண்டும்.

✦ டைனமோ சுற்றிய யாழ்ப்பாணம்

1990-களில் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே கிடையாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரியேற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். ஒரு யூனிட் என்பது எவ்வளவு உழைப்பு என்று அந்தத் தலைமுறைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதே இலங்கையில் 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமும், 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறின. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரியனும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024-ல் ஒப்பந்தமானது.

✦ ஒரு குரங்கும் ஒரு தேசமும்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது. இலங்கை முழுதும் இருண்டது. குரங்கு மட்டும் காரணமில்லை. விடுமுறை நாள், தேவை குறைவு. கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் நிறைய வந்துகொண்டிருந்தது. கனமான சுழலிகள் குறைவாகவே ஓடின. குயவர் சக்கரம் கையெடுத்த பிறகும் சுற்றிக்கொண்டிருப்பது அதன் கனத்தால். பெரிய சுழலிகளின் கனம் மின்தொடருக்கு அப்படியொரு தாங்கும் பலம் தருகிறது. பேனலில் சுற்றுவது எதுவும் இல்லை. இதற்குப் பேனல் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பேட்டரியும் நீர்த்தேக்கமும் கூடவே வேண்டும் என்று அர்த்தம்.

✦ மேலே ஏறும் தண்ணீர்

அந்த நீர்த்தேக்கம் நம்மிடம் 1980-களிலிருந்தே இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட். மின்சாரம் உபரியாக இருக்கும்போது கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவாவதில் முழுவதும் திரும்பி வராது. ஆனாலும் மதிய வெயிலை மாலைக்கு எடுத்துவைக்க இதைவிட நம்பகமான பானை இதுவரை இல்லை. நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று கட்டுகிறார்கள். 2024 மே 2-ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது என்பதை வைத்துப் பார்த்தால், இப்படிப் பல பானைகள் வேண்டும்.

✦ பில்லில் அச்சாகாத விலை

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. அந்தப் பகுதி அனல்மின் நிலையங்களின் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்தவர்கள் சேற்றுக்குப் பதில் சாம்பலைத் துழாவினார்கள். நாம் கட்டிய யூனிட் விலையில் அவர்களுக்கு ஒரு காசும் சேரவில்லை. நிலக்கரி மலிவு என்று சொல்லும்போது இந்தத் தொகையைக் கூட்டாமல் சொல்கிறோம்.

✦ இனி மணி பார்த்து விலை

ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு, வெயில் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் வைக்க வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசு விதி போட்டது. நம் வீடுகளுக்கு அந்த மீட்டர் வந்த பிறகுதான் இது நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். தொட்டிக்கு மோட்டார் போடுவது, வாஷிங் மெஷின், அயர்ன் இந்த மூன்றையும் மாலை 4 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். இன்று அதனால் உங்கள் பில் குறையாது. ஆனால் மாலையில் ஓர் உலையில் கொட்டும் நிலக்கரி அந்த அளவுக்குக் குறையும். மீட்டர் மாறும் நாளில் உங்கள் வீட்டுப் பழக்கம் ஏற்கனவே மாறியிருக்கும்.

✦ கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை

இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் மீட்டரைப் பார்த்து எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். நாளை இரவு அதே நேரம் மறுபடி பார்த்துக் கழியுங்கள். விடை எட்டைத் தாண்டினால், இரண்டு மாதத்தில் உங்கள் வீடு அந்த 501-வது யூனிட்டைத் தொட்டுவிடலாம்.